குங்குமம் வைத்த டெஸ்டர்

பெங்களூரு பீன்யாவில் எங்கள் தொழிற்சாலையின் அந்த அறையில் நெட்வொர்க் மேனேஜர் இருந்தார், அவருடைய சீனியர் இன்ஜினியர் இருந்தார், நான் இருந்தேன். கேபிள் இழுத்த காண்டிராக்டர் இல்லை. கோலார் தங்கவயலில் அவர் வீட்டுக் கல்யாணம். ஆள் இல்லாததால் பாதிக் குற்றம் அவர் தலையில் வசதியாக உட்கார்ந்தது. மீதி என் தலையில். அவர் இழுத்த இருபது கேபிள்களுக்கும் கிரிம்பிங் செய்து, அதாவது முனையில் பிளக் அடித்துக் கொடுத்தவன் நான். என் ஆறு மாதச் சோதனைக் காலம் அந்த வாரத்தோடு முடிகிறது. வேலை நிரந்தரமாவது மேனேஜரின் கையெழுத்தில் இருந்தது.

டெஸ்பாட்ச் பிரிவில் ஒரு கம்ப்யூட்டருக்கு நெட்வொர்க் வரவில்லை. கேபிளுக்குள் எந்தக் கம்பி அறுந்திருக்கிறது என்று காட்டும் டெஸ்டரை எடுத்தோம். திரையில் சிவப்பு. ஏழாவது கம்பி இல்லை என்றது. பக்கத்துக் கேபிளிலும் ஏழாவது. இருபதிலும் ஏழாவது. மற்ற பத்தொன்பது கம்ப்யூட்டர்களும் அதுவரை ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தன என்பது யாருக்கும் உறைக்கவில்லை.

"சார், எல்லாம் எப்படி ஒரே இடத்துல அறும்? டெஸ்டரைப் பாக்கலாம்."

"மூணு லட்ச ரூபா மெஷின் பொய் சொல்லுது, நீ சொல்றது நெஜம். அப்படித்தானே குரு?" என்றார் மேனேஜர்.

"நேத்து கிரிம்பிங் கத்துக்கிட்டவன் சார், விடுங்க," என்றார் சீனியர்.

இந்த இருவரும் ஒரு கேபிளைக் கையால் தொட்டு நான் பார்த்ததில்லை. திரையைப் பார்ப்பார்கள். பச்சை என்றால் காபி. சிவப்பு என்றால் யாரைத் திட்டலாம் என்ற யோசனை. கவர் பிரிக்காத புதுக் கேபிள் ஒன்றைப் பிரித்துச் சொருகிக் காட்டினேன். அதுவும் சிவப்பு.

"டூப்ளிகேட் மால்," என்றார் சீனியர், யோசிக்கக்கூட இல்லை.

இரண்டு நாளில் இருபதையும் பிடுங்கிவிட்டு, வேறு ஆளை வைத்துப் புதிதாக இழுத்தார்கள். டெஸ்டரைச் சொருகினார்கள். இருபதும் சிவப்பு.

"இதுவும் டூப்ளிகேட்டா சார்?"

"சும்னெ இரு," என்று கன்னடத்தில் என் வாயை அடைத்தார் மேனேஜர்.

யாரையும் கேட்காமல் டெஸ்டரை எடுத்து போன் வெளிச்சத்தில் பார்த்தேன். போன வாரம் ஆயுத பூஜையில் மேனேஜர் தன் கையாலேயே அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார். அத்தனை பெரிய கருவியில் வேறு இடமே கிடைக்காதது போல, கேபிள் சொருகும் துளையின் விளிம்பில். சந்தனம் உள்ளே வழிந்து, காய்ந்து, ஏழாவது கம்பி தொட வேண்டிய இடத்தை மூடியிருந்தது. ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்தேன். பச்சை. பிடுங்கிப் போட்டதில் முழுதாகக் கிடந்த பழைய கேபிள் ஒன்றைச் சொருகினேன். அதுவும் பச்சை.

டெஸ்பாட்ச் கம்ப்யூட்டர் அப்போதும் ஓடவில்லை. சுவரிலிருந்து அதற்கு வரும் குட்டி ஒயர் மேஜைக் காலுக்கு அடியில் நசுங்கிக் கிடந்தது. மாற்ற ஒரு நிமிடம் ஆனது.

ரிப்போர்ட்டை என்னை எழுதச் சொன்னார்கள். எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். கேட்ட கேள்விக்குச் சரியான பதிலை எழுதினால் மார்க் உண்டு என்று நம்பி வளர்ந்தவன். காரணம் என்ற கட்டத்தில் 'குங்குமம், சந்தனம்' என்று எழுதினேன். மேனேஜர் அதை அடித்துவிட்டு 'ஈரப்பதம்' என்று எழுதினார். பிறகு என் சோதனைக் காலத்தை மூன்று மாதம் நீட்டிக் கையெழுத்துப் போட்டார். எனக்கு நஷ்டம் அவ்வளவுதான். கம்பெனிக்குப் புதுக் கேபிள், கூலி, இரண்டு நாள் நின்றுபோன டெஸ்பாட்ச் எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்து எண்பத்திரண்டாயிரம் ரூபாய்.