தொலைக்காட்சிப் பெட்டியில் குடியிருந்த கோப்பி

பழைய தொலைக்காட்சிப் பெட்டியின் பின்பலகையைக் கழற்றியதும் ஒரு வாசனை வரும். பல வருடம் சூடேறி ஆறிய தூசியும், கருகிய ஈயமும், பல்லி முட்டையும், மரத்தின் பழைய மெருகும் கலந்த வாசனை. அது மூக்கில் ஏறியதும் எனக்குத் தும்மல் வந்தது. "தள்ளி நில்லு, படக்குழாய் வெடிச்சிரும்" என்று அப்பா அதட்டினார். ஜன்னல் கம்பிக்குப் பின்னால் நின்ற என் தம்பி குணா, "உள்ள எடம் இருக்காப்பா?" என்று மூன்றாவது தடவையாகக் கேட்டான். எனக்கு அப்போது பத்து வயது. நாங்கள் ஒரு பூனைக்கு வீடு செய்துகொண்டிருந்தோம்.

எங்கள் குடும்பம் அந்த நாளில் கோலசிலாங்கூருக்கு வடக்கே, பெரிய சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருந்த, பாமாயில் எடுக்கும் ஒரு செம்பனைத் தோட்டத்தில் இருந்தது. தொழிலாளர்களின் வரிசை வீடுகளை "லயம்" என்போம். எங்களுடையது வரிசையில் கடைசி வீடு. அதைத் தாண்டினால் ஒரு பெரிய வாய்க்கால், வாய்க்காலைத் தாண்டினால் கண்ணுக்கெட்டிய தூரம் செம்பனை. அப்பா பழக்குலை ஏற்றும் லோரி ஓட்டினார், அம்மா நாற்றுப் பண்ணையில் வேலை செய்தார். குணாவுக்கு ஆறு வயது.

கோப்பி வந்ததே அப்பாவின் லோரியில்தான். முள்ளும் மூர்க்கமுமாகக் கிடக்கும் அந்தக் குலைகளுக்கு நடுவே ஒரு கீறல்கூடப் படாமல் எப்படித்தான் படுத்திருந்ததோ, ஆலைக்குப் போய்ச் சுமையைக் கொட்டும் நேரத்தில் கத்திக்கொண்டு எழுந்து நின்றதாம். கறுப்பும் பழுப்பும் ஒன்றின் மேல் ஒன்று சிந்தியதுபோல் இருந்த அந்தக் குட்டியை அப்பா சட்டைப் பைக்குள் போட்டு எடுத்துவந்தார். காப்பி நிறமாக இருக்கிறது என்று குணாதான் "கோப்பி" என்று பெயர் வைத்தான். அன்றிலிருந்து அது அவனுடைய பூனை. ஒரே பாயில் படுப்பார்கள், அவன் பாலர் பள்ளியில் சொல்ல வேண்டிய பாட்டை அதனிடம்தான் முதலில் ஒப்பிப்பான்.

ஒரு வருடம்கூட ஆகியிருக்காது, குணாவுக்கு "இழுப்பு" வந்தது. நெஞ்சு பள்ளமாக உள்வாங்கும், தோள் இரண்டும் காதுக்கு ஏறும், பேசத் தொடங்கிய வார்த்தை பாதியில் நின்றுவிடும். தோட்டத்துக் கிளினிக்கில் டாக்டருக்குப் பதிலாக மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸர் அவன் முதுகில் கருவியை வைத்துக் கேட்டுவிட்டு, "வீட்டுல பூனை இருக்கா? அப்ப அந்த முடிதான்லா. மொதல்ல அத வெளிய அனுப்புங்க" என்றார். அவர் அக்கறையோடுதான் சொன்னார். அம்மாவுக்கு அதற்கு மேல் ஒரு வார்த்தையும் தேவைப்படவில்லை.

அன்று மாலையே அப்பா ஒரு சாக்கை எடுத்து வைத்துக்கொண்டு, டவுன் பாசாரில், மீன் சந்தைப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்றார். "மீன் தலை நெறைய கெடைக்கும். நம்ம வீட்டவிட நல்லாவே இருக்கும்" என்று அவர் சொன்னது எங்களுக்காகவா தனக்காகவா என்று தெரியவில்லை. நான் ஓவென்று அழுதேன். குணா அழவில்லை. அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு, "அத தொரத்தாதம்மா. நான் சத்தம் வராம மூச்சு வுடுறேன்" என்றான்.

அரிசி களைந்துகொண்டிருந்த அம்மாவின் கை நின்றது. 

"சாக்க கீழ வைங்க" என்றார் அப்பாவிடம். "வீட்டுக்குள்ள வேணாம், அவ்வளவுதானே? வெளிய அதுக்கு ஒரு வீடு செஞ்சு குடுப்போம். அது அங்க இருக்கட்டும், இவன் இங்க இருக்கட்டும்."

முதல் வீடு மீன் பெட்டி. மீனவர் கிராமமான பாகான் நக்கோடா ஓமாரிலிருந்து மோட்டார் சைக்கிளில் மீன் கொண்டுவந்து விற்கும் ஒரு மலாய்க்கார அண்ணனிடம் கேட்டு, மூடியோடு கூடிய வெள்ளை நுரைப்பெட்டி ஒன்றை அப்பா வாங்கிவந்தார். ஒரு பக்கத்தில் வட்டமாக வாசல் வெட்டி, உள்ளே பழைய கைலியை விரித்து, பின்வாசல் சுவரோரம் வைத்தோம். மழைக்கும் வெயிலுக்கும் அதைப்போல ஒன்று கிடையாது என்றார் அப்பா. எத்தனை தடவை கழுவியும் அதன் மீன் வாடை மட்டும் போகவில்லை. கோப்பிக்கு அது மிகவும் பிடித்திருந்தது. வாய்க்காலில் இருந்த உடும்புக்கும் பிடித்துவிட்டது.

இரண்டாம் நாள் மத்தியானம் குணா ஜன்னலில் நின்று அலறிய அலறலில் நான் விளக்குமாற்றோடு பின்பக்கம் ஓடினேன். என் உயரம் இருக்கும் ஓர் உடும்பு, பெட்டிக்குள் தலையையும் முன்னங்காலையும் நுழைத்துக்கொண்டு, அந்தப் பெட்டியையே தலைக்கவசம்போல் மாட்டியபடி முற்றமெல்லாம் முட்டி மோதிக்கொண்டிருந்தது. கோப்பி கொய்யா மரத்து உச்சியில் வால் முடி சிலிர்க்க நின்றது. பக்கத்து வீட்டுக் கமலாக்கா வாளித் தண்ணீரை வீசி ஊற்றிய பிறகுதான் உடும்பு பெட்டியை உடைத்துக்கொண்டு வாய்க்காலுக்குள் பாய்ந்தது. முற்றம் முழுக்க வெள்ளை உருண்டைகள் சிதறிக் கிடந்தன.

"கால் வேணும். ஒசரமா இருக்கணும், கதவும் இருக்கணும்" என்று அம்மா அன்று முடிவாகச் சொன்னார். சொல்லிவிட்டு அவர் பார்வை முன்னறைக்குப் போனது. அப்பாவும் அதே பக்கம் பார்த்தார், உடனே "அது முடியாது" என்றார்.

முன்னறையில் இரண்டு தொலைக்காட்சிப் பெட்டிகள் இருந்தன. ஒன்று மரத்தால் ஆனது. நான்கு கால்களும், இரு பக்கமும் இழுத்து மூடும் பலகைக் கதவுகளும் உள்ள கறுப்பு வெள்ளைப் பெட்டி. அது செத்துப் பல வருடமாகிவிட்டது. அதன் தலைமேல் உட்கார்ந்திருந்த சிறிய வண்ணப் பெட்டியில்தான் நாங்கள் படம் பார்த்தோம். மரப்பெட்டி அப்பாவின் கல்யாணத்துக்கு முந்தைய சொத்து. எங்கள் லயத்துக்கு முதன்முதலில் வந்த தொலைக்காட்சி அதுதான் என்றும், ஞாயிற்றுக்கிழமைப் படத்துக்கு வாசல்வரை ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள் என்றும் அவர் அடிக்கடி சொல்லுவார்.

"ஒரு சின்ன சாமான்தான் போச்சு. ரிப்பேர் பண்ணிரலாம்லா" என்றார் அப்பா.

"இவ பொறக்கறதுக்கு முந்தியிலேர்ந்து ரிப்பேர் பண்றீங்க" என்று அம்மா என்னைக் காட்டினார்.

அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். கோபம் என்று நினைத்தேன். பின்பக்கம் சுற்றிவந்தவர் அங்கே நின்றுவிட்டார். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் குணா கம்பிக்குள் கையை நீட்டிக்கொண்டிருக்க, கீழே மண்ணில் உட்கார்ந்த கோப்பி எட்டாத அந்த விரலை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. அப்பா லோரிக்குப் போய்த் திருப்புளியை எடுத்துவந்தார்.

இப்படித்தான் அந்த வாசனை வெளியே வந்தது. படக்குழாயை அப்பா குழந்தையைத் தூக்குவதுபோல் நெஞ்சோடு அணைத்து வெளியே எடுத்தார். கண்ணாடி இருந்த இடம் வாசலானது. மேலே சாய்வாக ஒரு தகரம் போட்டு, கால்கள் நான்கையும் எறும்பு ஏறாதபடி தண்ணீர் ஊற்றிய பால் டின்களில் நிறுத்தி, வேலிக்கு அடித்தது போக மீந்திருந்த பச்சைச் சாயத்தை அம்மா பூசினார். பின்சுவருக்கும் கொய்யா மரத்துக்கும் நடுவே, குணாவின் ஜன்னலுக்கு நேர் எதிரே அதை வைத்தோம்.

கோப்பி உள்ளே போகவில்லை. தகரத்தின் மேல் ஏறிப் படுக்கும், கால்களைச் சுரண்டும், வாசலை மட்டும் திரும்பிக்கூடப் பார்க்காது. கருவாட்டைக் காட்டினோம், பால் வைத்தோம். மூன்று நாள் இப்படியே போனது. அப்பாவின் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

"அக்கா, அதுக்கு பயமா இருக்கு. மொதல்ல நீ உள்ள போ" என்றான் குணா.

நான் பின்பலகையை நகர்த்தி, பின்பக்கமாகத் தலையை உள்ளே விட்டேன். முகம் சரியாகச் சட்டத்துக்குள் வந்து நின்றது. ஜன்னலில் குணா வாயைப் பிளந்தான். எனக்கும் என்ன தோன்றியதோ, குரலை மாற்றி, "வணக்கம். தலைப்புச் செய்திகள். நம்ம தோட்டத்துல ஒரு உடும்ப போலீஸ் தேடுது. பாத்தவங்க கமலாக்காகிட்ட சொல்லுங்க" என்று வாசித்தேன். குணா சிரித்த சிரிப்பில் அம்மா அடுப்பை விட்டு ஓடிவந்தார், வந்தவரும் சிரித்தார். அப்பா தரையிலேயே உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். இந்தக் கூத்து என்னவென்று பார்க்க வந்த கோப்பி, தகரத்திலிருந்து இறங்கி, என் முகத்தை ஒரு தடவை முகர்ந்துவிட்டு, என் தோளைத் தாண்டி உள்ளே போய்ப் படுத்துக்கொண்டது. அதன் பிறகு அது வேறெங்கும் தூங்கியதில்லை.

குணா ஜன்னலில் நின்று அதனோடு பேசுவான். சட்டத்துக்குள் உட்கார்ந்து அது அவனைப் பார்க்கும். யார் யாருக்கு "டிவி" என்று எங்களுக்கே தெரியாது.

வருடக் கடைசி மழையில் கோப்பி மூன்று குட்டி போட்டது. குட்டிகள் கண் திறப்பதற்கு முன் பக்கத்து ஆற்றின் கரை உடைந்து, காலையில் முற்றத்தில் இருந்த தண்ணீர் மத்தியானத்துக்குள் படியேறிவிட்டது. டவுன் பள்ளி மண்டபத்துக்கு ஆட்களை ஏற்றிப்போக லோரி வந்தது. மிருகங்களை ஏற்றக்கூடாது என்று லோரியில் வந்தவர் கண்டிப்பாகச் சொன்னார். அது நியாயம்தான்; மண்டபத்தில் மனிதர்களுக்கே இடம் இல்லை.

குணா லோரியில் ஏற மறுத்தான். தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். அவனை அடித்துப் பிடுங்கிக்கொண்டுதான் போகவேண்டியிருக்கும் என்று நினைத்தேன். அம்மா அவன் பக்கம் போகவே இல்லை. சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் பின்பக்கம் போனார். "என்னங்க, ஒரு பக்கம் புடிங்க" என்று அவர் கத்தியது முன்வாசல்வரை கேட்டது. குளியலறைக்கு மேல் தண்ணீர்த் தொட்டி வைப்பதற்காக ஒரு சிமெண்டுத் தட்டு உண்டு. கோப்பியும் குட்டிகளும் உள்ளே இருக்க, அந்தப் பெட்டியை இருவருமாக ஏணி வைத்து அதன் மேல் ஏற்றிவிட்டார்கள். அப்பா அதைத் தொட்டியோடு கயிற்றால் கட்டினார். அம்மா சோற்றையும் கருவாட்டையும் சட்டியோடு உள்ளே வைத்து, பலகைக் கதவைப் பூனை நுழையும் அளவுக்கு விட்டு மூடினார். லோரிக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார்.

திரும்பி வந்த அம்மாவின் முழங்கையில் ரத்தம் வழிந்தது. "கூரைக்கு மேல தண்ணி வந்தாத்தான் அதுக்கு ஆபத்து. இப்ப ஏறு" என்றார். குணா ஏறினான்.

மண்டபத்தில் நான்கு நாள். இரண்டாம் நாளே குணாவுக்கு இழுப்பு வந்தது, அதுவரை வந்ததிலேயே மோசமானது. அம்மா அவனை மடியில் சாய்த்து உட்காரவைத்தபடியே இருந்தார். அந்த நிலையிலும் அவன் கேட்டது ஒன்றுதான்: "மழ வுட்ருச்சா?"

தண்ணீர் வடிந்து லோரி எங்களை இறக்கிவிட்டபோது, சுவரில் என் கழுத்தளவுக்குச் சேற்றுக் கோடு ஓடியிருந்தது. நான் பின்பக்கம் ஓடினேன். தகரத்தின் மேல் கமலாக்காவின் சேவலும் இரண்டு கோழிகளும் நனைந்து உட்கார்ந்திருந்தன. கதவு இடுக்கில் கோப்பியின் முகம் தெரிந்தது. அதற்குக் கீழே ஒன்று, இரண்டு, மூன்று குட்டி முகங்கள், எல்லாம் கண் திறந்து.

"அக்கா, எத்தன?" என்று அப்பாவின் தோளிலிருந்து குணா கத்தினான்.

"எல்லாம் இருக்குடா! கோழியும் இருக்கு!"

ஒரு குட்டி கமலாக்கா வீட்டுக்குப் போனது, ஒன்று கெர்லிங்கில் இருந்த அத்தை வீட்டுக்கு, இன்னொன்று தானாகவே எங்கோ போய்விட்டது. கோப்பி மட்டும் மேலும் பல வருடம் அந்தப் பெட்டியில் இருந்து, ஒரு விடியலில் தூங்கினபடியே போய்ச் சேர்ந்தது. பதினாறு வயதாகியிருந்த குணா, அத்தனை வருடத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான், அதுவும் கையில் துணியைச் சுற்றிக்கொண்டு, அதைத் தூக்கினான்.

தோட்டம் விற்கப்பட்டபோது நாங்கள் புக்கிட் செந்தோசா குடியிருப்புக்கு வந்துவிட்டோம். போன வருடம் அந்த வழியாகப் போனபோது காரை நிறுத்தி எங்கள் வீடு இருந்த இடத்தைத் தேடினேன். லயம் இல்லை, கொய்யா மரம் இல்லை. நீளநீளமான கிடங்குகளும் வேலியும்தான் இருந்தன. வாய்க்காலைக்கூடச் சிமெண்டுக் குழாய்க்குள் அடக்கிவிட்டார்கள்.

குணா இப்போது ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளன். இழுப்பு குறைந்ததே தவிர விடவில்லை. சில மாதங்களுக்கு முன் டாக்டர் ஒருவர் அவனுக்கு எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கையில் வரிசையாகக் குத்திப் பரிசோதித்தார். வீட்டுத் தூசி, பூஞ்சணம், ஏதோ ஒரு மகரந்தம். பட்டியலின் கடைசியில் பூனை முடி இருந்தது. அதற்கு எதிரே, ஒன்றும் இல்லை என்று போட்டிருந்தது. குணா அதை எங்களுக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினான்.

முதலில் பேசியது அப்பா. "அப்ப அந்த டிவிய நான் சும்மாவா ஒடச்சேன்?"

நாங்கள் சிரித்தோம். அம்மா சிரிக்கவில்லை. "அத கடைசிவரைக்கும் வெளியவே வெச்சிருந்தோமே" என்றார். குணா, "அது நல்லாத்தானம்மா இருந்துச்சு" என்றான். அவர் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார்.

போன வாரம் நான் புக்கிட் செந்தோசா வீட்டுக்குப் போயிருந்தபோது குணாவும் வந்திருந்தான்; மழை பிடித்துக்கொண்டது. காருக்கு அடியில் வழக்கமாக ஒதுங்கும், காது கிழிந்த தெருப்பூனை ஒன்று வாசலில் நடுங்கிக்கொண்டு நின்றது. அதை எப்போதும் தண்ணீர் தெளித்து விரட்டும் அம்மா, அன்று எழுந்து போய் இரும்புக் கதவைத் திறந்தார்.

"உள்ள வா" என்றார்.

பூனை கொஞ்சம் தயங்கி, சுவரோரமாக நடந்துவந்து, ஈரத்தோடு குணாவின் மடியில் ஏறிப் படுத்தது. அவன் அசையாமல் உட்கார்ந்திருந்தான். பிறகு கையை மெதுவாக அதன் முதுகில் வைத்தான். நாங்கள் மூவரும் பேச்சை நிறுத்திவிட்டு அவன் மூச்சையே கேட்டுக்கொண்டிருந்தோம். மழைச் சத்தத்தில் அது கேட்கவே இல்லை.