குரலில்லாமல் வந்த மனு

ஸ்ரீவில்லிபுத்தூரில் பெரியப்பாவின் எம்.எல்.ஏ. அலுவலகம் கூட்டத்தில் பிதுங்கிக்கொண்டிருந்த ஒரு காலையில், ஓர் இளம்பெண் அவர் முன்னால் வந்து நின்று வாயைத் திறந்தாள், உடனே மூடிக்கொண்டாள். அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

பெரியப்பா வடக்கே ஓர் உருக்காலையில் பல வருடம் வேலை பார்த்தவர். பழுக்கக் காய்ந்த இரும்பைத் தகடாக உருட்டும் இடம். அந்த இரைச்சல் அவருடைய காதுகளைத் தின்றுவிட்டது. அங்கே உதட்டைப் பார்த்தே பேசிப் பழகினார்கள். தொழிற்சங்கத்தில் முன்னால் நின்ற பழக்கம், ஊருக்குத் திரும்பியதும் அவரைத் தேர்தலில் இறக்கியது. "செவிடனுக்கா ஓட்டு?" என்று எதிர்த்தரப்பு கேலி பேசியது. கடைத்தெருவில் பூ விற்கும் அக்கா ஒருத்தி சொன்ன பதில்தான் ஊரெங்கும் சுற்றியது: "காது கேக்குறவியளுக்கு இம்புட்டு வருசம் போட்டோமே, ஒருத்தராச்சும் கேட்டாவளா?" பெரியப்பா ஜெயித்தார்.

கல்லூரி முடித்திருந்த நான் அலுவலகத்தில் அவர் பக்கத்தில் உட்காருவேன். மீசை உதட்டை மறைக்கிறவர்களும் வெற்றிலை குதப்புகிறவர்களும் சொல்வதை, அவர் பக்கம் திரும்பி நான் மறுபடி சொல்ல வேண்டும். மற்றவர்கள் கத்துவார்கள். வேண்டாமென்றாலும் விடமாட்டார்கள்.

அந்தப் பெண்ணால் கத்த முடியவில்லை. அவள் முதுகுக்குப் பின்னால் அத்தனை பேர். பெரியப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு அவளுக்கு நேராக உட்கார்ந்தார்.

"சத்தம் வேண்டாம் தாயி. ஒதட்ட மட்டும் அசை. எனக்கு வெளங்கும்."

அவள் சொல்லத் தொடங்கினாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். நிமிர்ந்தபோது பெரியப்பாவின் கண்கள் கலங்கியிருந்தன. "ஏட்டி, வண்டிய எடுக்கச் சொல்லு. நீயும் வா" என்றார் என்னிடம். மூவருமாக மகளிர் காவல் நிலையத்துக்குப் போனோம். சில நாளில், ராஜபாளையத்தில் அவள் வேலை பார்த்த மில்லின் சூப்பர்வைசரைப் போலீஸ் கைது செய்தது. புகார் கொடுத்தது யாரென்று ஊருக்குத் தெரியவில்லை.

அடுத்த தேர்தலில் பெரியப்பாவை எதிர்த்து நின்றவர், அந்த சூப்பர்வைசரின் மச்சினன். போட்டி கடுமையாக இருந்தது. கடைசிக் கூட்டத்துக்கு முன்னால் கட்சியின் ஒன்றியச் செயலாளர் வந்து கெஞ்சினார்.

"அண்ணாச்சி, அந்த மில்லுப் புள்ள விசயத்த மேடையில ஒரு வார்த்த சொல்லுங்க. பேரு கூட வேண்டாம். ஜெயிச்சிரலாம்."

"பேர ஊரு தேடிப் பிடிச்சிரும்லே. அவ சத்தமில்லாம சொன்னத நான் மைக்குல சொல்லவா?"

அன்று மேடையில் அவர் கண்மாயைப் பற்றியும் பஸ் வசதியைப் பற்றியும் மட்டுமே பேசினார். 'ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் என்ன' என்று எனக்கே மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

தோற்றுப்போனார். வாக்கு எண்ணும் இடத்திலிருந்து வெளியே வந்தோம். ரோடெல்லாம் ஜெயித்தவர்கள் கொளுத்திய வெடியின் புகை. பெரியப்பா என் முகத்தைப் பார்த்து, "வெடி பலமோ?" என்று கேட்டார். தலையாட்டினேன். அழுதுவிட்டேன். "எனக்கு ஒண்ணும் கேக்கலட்டி. வா, காப்பி குடிச்சிட்டுப் போவோம்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

பெரியப்பா இப்போது இல்லை. நான் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் வக்கீலாக இருக்கிறேன். காலை பஸ்ஸில் சில நாள் அந்தப் பெண்ணைப் பார்ப்பேன். மகளுக்கு ஜன்னலோர இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு, கண்டக்டரிடம் சில்லறைக்குச் சத்தமாகச் சண்டை போட்டுக்கொண்டிருப்பாள். பஸ்ஸில் ஒருவரும் அவளைத் திரும்பிப் பார்ப்பதில்லை.