குருவம்மாள் அணைத்த பல்பு

தாவீதுராஜுக்குப் பாளையம்பட்டியில் போட்டோ ஸ்டுடியோ. கல்யாணம், சடங்கு, காதுகுத்து என்று ஊரார் வீட்டு விசேஷமெல்லாம் அவர் கேமராவுக்குள்தான். சொந்த வீட்டில்தான் ஒரு விசேஷமும் இல்லை. நாற்பதைத் தாண்டியும் தனிக்கட்டை. அமாவாசையை ஒட்டிய இரவுகளில் மனுஷர் திருச்சுழிப் பக்கம் போய், குருவம்மாள் என்பவளின் சோளக்காட்டு வரப்பில் கேமராவை வானத்துக்குத் திருப்பிவைத்து உட்கார்ந்துவிடுவார்.

கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு தூசு மேகம். அதற்குள் புதிதாகப் பிறந்த நட்சத்திரங்கள். தூசுக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. நட்சத்திர ஒளி பட்ட இடம் நீலமாக விழும்; படாத இடம் கன்னங்கரேலென்று கிடக்கும். அந்த மங்கல் நீலத்தைப் பிடிக்க, ஐந்தைந்து நிமிடமாகப் பல படங்கள் எடுத்து ஒன்றாகச் சேர்க்க வேண்டும். பக்கத்தில் விளக்கு எரிந்தால் எல்லாம் பாழ்.

குருவம்மாளோ மக்காச்சோளத்தைக் காட்டுப்பன்றியிடமிருந்து காக்க, மோட்டார் ரூம் பல்பை விடிய விடிய எரியவிட்டுக் காவல் இருப்பவள். பல்பை அணைக்க முடியுமா என்று தாவீதுராஜ் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அதான் நீங்க முழிச்சிருக்கீகள்ல தம்பி, பெறகு எனக்கென்ன?" என்று பல்பை அணைத்துவிட்டு வீட்டில் போய்ப் படுத்தாள். அவர் வரும் இரவெல்லாம், போகும்போது ஒரு தூக்குச்சட்டியில் கடுங்காப்பி வைத்து, "சாப்டீகளா?" என்றும் கேட்பாள். அவரிடம் அப்படிக் கேட்க வேறு ஆள் கிடையாது. பாதி அதற்காகத்தான் அவர் அங்கே போனார் என்பேன்.

மார்கழி அமாவாசையன்று வானம் துடைத்துவிட்டது போல் இருந்தது. சோளத்துக்குள் சலசலப்பு. பன்றிதான் என்று தெரிந்தது. டார்ச் கையிலேயே இருந்தது. அடித்தால் பன்றி மிரண்டு போய்விடும்; ஒரே ஒரு படம் கெடும், அவ்வளவுதான். ஓடுகிற படம் முடியட்டும் என்று இருந்தார். அது முடிந்ததும் அடுத்தது தானாகத் தொடங்கியது. சரி, இதுவும் முடியட்டும். அந்தத் தூசு மேகம் மேற்கே இறங்கும்வரை இப்படியே உட்கார்ந்திருந்தார், பாவி மனுஷர்.

விடிந்தபோது பாதிச் சோளம் தரையில் கிடந்தது. குருவம்மாள் சண்டை போடவில்லை.

"நீங்க இருக்கீகன்னுதான தம்பி தூங்குனேன்" என்றாள்.

படம் அருமையாக வந்தது. யாருக்கும் காட்ட அவருக்கு மனசு வரவில்லை.

தை அமாவாசைக்குக் கேமராவை ஸ்டுடியோவிலேயே விட்டுவிட்டு, டார்ச்சோடு போனார். மோட்டார் ரூம் பல்பு பளீரென்று எரிந்துகொண்டிருந்தது.

"மிச்சச் சோளத்துக்கு நான் காவல் இருக்கேன்க்கா. நீங்க போய்ப் படுங்க."

"வேணாம் தம்பி. நான் இருந்துக்கிறேன்."

வண்டியைக் கிளப்பும்வரை, சாப்டீகளா என்று கேட்பாள் என்று நின்றார். அவள் கேட்கவில்லை.