மாமாவின் கருப்பு ஷூ

அக்காவின் நகையைப் பார்த்து நான் பொறாமைப்பட்டதே இல்லை. அவள் வீட்டுக்காரரின் மருத்துவ அட்டையைப் பார்த்துத்தான் எனக்கு வயிறு எரியும். மாமா பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர். அந்த அட்டையைக் காட்டினால் சேலத்தில் முன்னாள் ராணுவத்தாருக்கென்று இருக்கிற கிளினிக்கில் எல்லாம் கிடைக்கும். என் வீட்டுக்காரர் ஜலகண்டாபுரத்தில் தறி ஓட்டுகிறார். இருவருக்கும் சர்க்கரை நோய்தான். நிற்கிற வரிசைதான் வேறு.

மாமாவோ வாங்கி வந்த மாத்திரையைப் பிரிப்பதே இல்லை. கேன்டீன் ரம் மட்டும் தவறாது.

"ரம்முக்கும் மாத்திரைக்கும் சண்டை வந்துரும் சாமி. அதான் ஒண்ணை மட்டும் சேத்துக்கறேன்" என்பார்.

போன மாசம் அக்கா காய்ச்சலில் படுத்தாள். உதவிக்குப் போன நான் துணி துவைக்கையில், மாமாவின் வலது கால் சாக்ஸில் சீழ் காய்ந்து ஒட்டியிருந்ததைப் பார்த்தேன்.

"என்னங்க மாமா இது?"

"ஷூ கடிச்சிருச்சு புள்ள."

"நாளைக்கு கிளினிக்குக்குச் செருப்புப் போட்டுட்டுப் போங்க."

"செருப்போடயா? டாக்டரு மேஜரா இருந்தவரு. அவரு முன்னால எப்படிப் போயி நிக்கறது?"

மறுநாள் முகம் தெரியுமளவு ஷூவைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, வாயில் கிராம்பை அடக்கிக்கொண்டு, அணிவகுப்புக்குப் போகிறவர்போலக் கிளம்பினார். அக்காவுக்குப் பதில் நான் துணைக்குப் போனேன். கிளினிக்கில் தலைக்கு மேல் காற்றாடி, உட்கார நாற்காலி. ஒரு பெண் வந்து, "உள்ள வாங்க சார்" என்று மாமாவைக் கூப்பிட்டாள். கவர்மெண்டு ஆஸ்பத்திரியில் என் வீட்டுக்காரரை, "அடுத்தது!" என்றுதான் கூப்பிடுவார்கள்.

"சிகரெட்டு?" என்று கேட்டார் டாக்டர்.

"விட்டாச்சுங்க சார்!" காலையில் பிடித்த சிகரெட்டின் வாசம் கிராம்பையும் மீறி என் மூக்குக்கு வந்தது.

"கால்ல புண்ணு ஏதாச்சும்?"

"ஒண்ணுமே இல்லைங்க சார்!"

டாக்டர் பேனாவை எடுத்தார். என் வீட்டுக்காரரிடம் இதுவரை யாரும் கேட்காத கேள்வி அது. கேட்க ஆள் கிடைத்த மனுசர் பொய் சொல்கிறார். எனக்குப் பொறுக்கவில்லை.

"பொய்யிங்க டாக்டர். ஷூவைக் கழட்டச் சொல்லுங்க."

மாமா முறைத்த முறைப்பில் நான் எரிந்து போயிருக்க வேண்டும். ஷூ கழன்றது. சுண்டுவிரல் கறுத்திருந்தது. டாக்டர் அப்படியே தரையில் உட்கார்ந்து அந்தப் பாதத்தைக் கையில் ஏந்திப் பார்த்தார்.

"இன்னுங் கொஞ்ச நாள் உட்டிருந்தா காலே போயிருக்கும்" என்றார்.

அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். விரல் போயிற்று, கால் தப்பியது.

"இப்படி ஒரு கொழுந்தியா இருந்தா எதிரிப் பட்டாளமே வேண்டாம்" என்றார் மாமா, கட்டிலில் படுத்தபடி.

"அவ இல்லீனா கக்கத்துல கட்டை ஊனித்தான் நடந்திருப்பீங்க. முழுங்குங்க" என்று அக்கா மாத்திரையை நீட்டினாள். முழுங்கினார்.

வீடு திரும்பியதும் தறியை நிறுத்தச் சொல்லி, என் வீட்டுக்காரரின் காலை மடியில் எடுத்து வைத்து விரல் விரலாக விலக்கிப் பார்த்தேன்.

"என்ன புள்ள, புதுசா காலெல்லாம் புடிக்கறே?"

"பேசாம காட்டுங்க."

வெடிப்புதான் இருந்தது, புண் ஏதும் தெரியவில்லை. ஆனாலும் அந்த டாக்டர் தரையில் உட்கார்ந்தது கண்ணைவிட்டுப் போகவில்லை. நான் பார்த்தது சரிதானா என்று யாரைப் போய்க் கேட்பேன்? விளக்கடியில் காலைத் திருப்பி இன்னொரு தரம் பார்த்தேன்.