கொள்ளுக்கொடிக்கு அடியில் ஒரு பள்ளம்

சித்தன்னவாசல் ஓவியங்களைப் பார்த்தே தீருவது என்று நான் கிளம்பியது, யுத்தம் நடந்துகொண்டிருந்த ஒரு மாசி மாதத்தில். பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு. புதுக்கோட்டையில் எனக்கு வாய்த்தது கரி பஸ். அதன் முதுகில் ஓர் இரும்பு உருளை. அதில் கரியைப் போட்டு நெருப்பு மூட்டினால் வரும் வாயுவில் வண்டி ஓடும். ஓட்டம் வண்டிக்கு, புகை நமக்கு. காலை ஏழு மணிக்கு என்றார்கள், எட்டரைக்குப் புறப்பட்டது.

சித்தன்னவாசலுக்கு இறங்கவேண்டிய அன்னவாசல் பதினோரு மைல்தான். ஆனால் அந்தச் சாலையைச் சாலை என்று சொன்னால் அதுவே கூச்சப்படும். ஐப்பசி மழை அரித்துக்கொண்டு போனது போக மிச்சமிருந்த சரளைதான் அது. டிரைவர் சவரிமுத்து, ஆவூர்க்காரர், ஒவ்வொரு பள்ளத்துக்கும் முன்கூட்டியே வண்டியை ஒடித்துத் திருப்பினார். போன மாதம் இதே சாலையில் ஸ்பிரிங் முறிந்ததாம். "இன்னொரு தடவ வண்டிக்குச் சேதம் வந்தா சீட்டை விட்டு எறக்கிருவேன்னு மொதலாளி சொல்லிட்டாருங்க. மூணு புள்ளைக இருக்கு" என்றார், கண்ணைச் சாலையிலிருந்து எடுக்காமல்.

நடுச்சாலையில் ஆங்காங்கே பச்சைக் கிளைகள் நட்டிருந்தன. ஏதோ திருவிழா போலும் என்று நினைத்தேன். பக்கத்தில் ஜன்னலோரம் இருந்த கருப்பையா என்ற விவசாயி சிரித்தார்.

"அது பள்ளங்க. கெளை நின்னா ஒதுங்கிப் போகணும்."

"மூடிவிடக் கூடாதா?"

"மூடுனோமுங்க. மழை வந்து தொறந்துருச்சு. மேல சொல்லியாச்சு. வாரேன் வாரேங்குறாக."

அவர் புதுக்கோட்டையில் தம் அக்காள் வீட்டில் இரவு தங்கிவிட்டு ஊர் திரும்பிக்கொண்டிருந்தார். அன்று அவர் வீட்டுக் கொள்ளு அறுப்பு முடிந்து, கொடியைச் சாலையில் பரப்பியிருப்பார்களாம். பஸ் ஏறினால் நெற்று உடைந்து மணி உதிர்ந்துவிடும். மாடுகளைப் பிணைத்துக் கட்டி மிதிக்க விடுவதைவிட இதுவே மேல் என்றார். "மாடு மிதிக்கயிலயே திங்கும். பஸ்ஸு திங்காதுல்ல?"

கண்மாய்க்கரை ஏற்றம் வந்தது. கரி பஸ்ஸுக்கு ஏற்றம் என்றால் மூச்சு முட்டும். வேகம் பிடித்து ஏறாவிட்டால் நின்றுவிடும். கரைமேல் சாலையின் அகலம் முழுக்கக் கொள்ளுக்கொடி கிடந்தது. சவரிமுத்து தயங்கினார்.

"அண்ணே, இங்கன ஒரு கெளை நின்னுச்சே?"

கருப்பையா ஜன்னலுக்கு வெளியே உடம்பை நீட்டிப் பார்த்தார். "அது இன்னும் அங்கிட்டுத் தள்ளி. வேகமா ஏத்துங்க. அப்பத்தான் நெத்து ஒடையும்."

ஊர்க்காரர் சொன்னால் யார்தான் நம்பமாட்டார்கள்? பஸ் உறுமிக்கொண்டு கொடிமேல் ஏறியது. அடுத்த கணம் முன்சக்கரம் எங்கோ இறங்கியது. அச்சு முறிந்து, வண்டி கரைச்சரிவில் சாய்ந்து, ஒரு பனைமரத்தில் போய் முட்டி நின்றது. எனக்கும் மற்றவர்களுக்கும் சிராய்ப்புதான். ஜன்னலுக்கு வெளியே நீண்டிருந்த கருப்பையாவின் வலது கை மரத்துக்கும் வண்டிக்கும் நடுவே அகப்பட்டு நசுங்கிவிட்டது. அந்தக் கையை நான் பார்த்தேன்.

அவர் மனைவி அழகம்மாள் ஓடிவந்து பார்த்து, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நாந்தான் கெளையப் புடுங்குனேன். கொடி பரத்தத் தோதா இல்ல. அள்ளுனதும் திரும்ப நட்டுருவோம்னு நெனச்சேன்" என்று அழுதாள். பிடுங்கிய ஆவாரங்கிளை ஓரத்தில் கிடந்தது, இலை வாடாமல்.

உச்சி வேளைக்குச் சைக்கிளில் ஒரு போலீஸ்காரர் வந்தார். சவரிமுத்துவிடம் அவர் கேட்ட முதல் கேள்வி, "வேகமா வந்தியா?"

"வந்தேங்க."

வேப்பமரத்தடியில் கை கட்டுப்போட்டு, மாட்டுவண்டிக்காகக் காத்துக் கிடந்த கருப்பையா தலையைத் தூக்கினார். "அவரு மேல தப்பில்லைங்க. வேகமா போகச் சொன்னது நானு. கெளையப் புடுங்குனதும் நாந்தான்."

"ராத்திரி புதுக்கோட்டையில இருந்தேங்குற. இங்க எப்பிடிய்யா புடுங்குன?"

யாரும் சிரிக்கவில்லை. அழகம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். எனக்குப் பொறுக்கவில்லை. அந்தப் பள்ளத்தில் என்னை இறக்கினால் முழங்கால் வரை மறையும், முதலில் அதை எழுதுங்கள் என்றேன்.

போலீஸ்காரர் கெட்டவரல்ல. களைத்துப் போனவர். "எழுதுறேங்க. ஆனா பள்ளத்தக் கூப்பிட்டு விசாரிக்க முடியுங்களா?" என்றார்.

கருப்பையாவை மாட்டுவண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, மாலையில் நான் சித்தன்னவாசலுக்கு நடந்தேன். குகைக் கூரையில் தாமரைக்குளம் இன்னும் வாடாமல் இருக்கிறது. மீனும் அன்னமும் இருக்கின்றன. அத்தனை நூற்றாண்டு நிற்கும் வண்ணத்தைப் பூசத் தெரிந்த சீமையில், ஒரு கூடை கல் கொட்ட ஆளில்லையே என்று ஆத்திரமாக வந்தது. ஓவியத்தில் மனம் பதியவில்லை.

மறுநாள் திரும்பிய பஸ்ஸில் டிரைவர் புதிய ஆள். சவரிமுத்து எங்கே என்று கேட்டேன்.

"மொதலாளி நிப்பாட்டிட்டாருங்க."

கருப்பையாவைப் பற்றிக் கண்டக்டர் சொன்னார். கையை எடுத்துவிட்டார்களாம். அக்காள்தான் கூட இருந்து பார்த்துக்கொள்கிறாளாம்.

எங்கள் ஊரில் காவிரிக்கரைச் சாலையிலும் பள்ளங்கள் உண்டு. கிளை நடும் வழக்கந்தான் இல்லை. அவரவர் பாடு என்று விட்டுவிடுவோம். இதை யோசித்துக்கொண்டிருந்தபோதே கண்மாய்க்கரை வந்தது. கொள்ளை அள்ளியிருந்தார்கள். பள்ளம் அப்படியே இருந்தது. அதன் நடுவில் புதிதாக ஓர் ஆவாரங்கிளை, மஞ்சள் பூவோடு. டிரைவர் பழகியவர் போல ஒதுக்கி ஓட்டினார்.

நான் திரும்பிப் பார்த்தேன். அழகம்மாள் இடுப்புக் குடத்தைச் சாய்த்து, அந்தக் கிளைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.