தீவில் நான் சுமந்த தண்ணீர்

மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்ததும், பத்து நாளில் வந்துவிடுவதாகச் சொல்லி என் மனைவி பாப்பிரெட்டிப்பட்டிக்கு பஸ் ஏறினாள். எங்கள் ஊர் கடத்தூரிலிருந்து தூரம் ஒன்றும் அதிகமில்லை. மூன்று மாதமாயிற்று. மாமியார் இப்போது கைத்தடி ஊன்றி வாசல்வரை நடக்கிறார். இவள் வரவில்லை. எப்போது வருகிறாய் என்று நானும் கேட்கவில்லை. தானாகப் போனவள் தானாக வரட்டும் என்று ஒரு வீம்பு. தினமும் போன் மட்டும் செய்வாள்.

"சாப்டீங்களா?"

"ம்."

"என்ன சாப்டீங்க?"

"கடையில."

அவ்வளவுதான். இருபத்திரண்டு வருடமாக வீட்டுக்குள்ளும் இந்த அளவுதான் பேசியிருப்பேன். என் வாயைத் திறக்க வைப்பதைவிடத் தன் அம்மாவின் இடுப்பை ஒட்ட வைப்பது சுலபம் என்று அவள் நினைத்திருக்கலாம். சாயங்காலம் பூட்டைத் திறந்து உள்ளே போனால், காலையில் வைத்த டம்ளர் வைத்த இடத்திலேயே இருக்கும். முதலில் அது நிம்மதியாகத்தான் இருந்தது. போகப்போக அந்த டம்ளரைப் பார்க்கவே பயமாகிவிட்டது.

செமஸ்டர் லீவுக்கு வந்த மகள், திரும்பிப் போகும்போது தன் பழைய லேப்டாப்பை என்னிடம் விட்டுப் போனாள். அதில் ஒரு விளையாட்டை ஏற்றி வைத்திருந்தாள். "போரடிச்சா இத ஆடுப்பா. ஜெயிக்கறது தோக்கறது ஒண்ணும் கெடையாது, உன் பாட்டுக்கு இருக்கலாம்" என்றாள்.

கப்பல் கவிழ்ந்து ஒருவன் ஆளில்லாத தீவில் கரை ஒதுங்குகிறான். அவன்தான் நான். திரையின் ஓரத்தில் பசிக்கு ஒரு கோடு, தாகத்துக்கு ஒரு கோடு. கோடு குறைந்தால் எதையாவது தேடிக்கொள்ள வேண்டும். மற்றபடி இதைச் செய், அதைச் செய் என்று சொல்ல யாருமில்லை. கல்லைக் கட்டிக் கோடாலி செய்தேன். நண்டு சுட்டேன். தேங்காய்த் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்ததில் வயிற்றுப்போக்கு வந்து இரண்டு முறை செத்தேன். அப்புறம்தான் தீவின் மறுபக்கத்துச் சுனையிலிருந்து தண்ணீர் சுமக்கத் தொடங்கினேன்.

என்னுடையது எரிந்துபோன தண்ணீர் மோட்டாருக்குச் செப்புக் கம்பியில் காயில் கட்டும் கடை. "எப்பங்க குடுப்பீங்க, தக்காளி காயுதுங்க" என்று நாள் முழுக்க யாராவது தலைமேல் நிற்பார்கள். தீவில் யாரும் நிற்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பார்சல் சோற்றைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் பொழுது சாய்வதே தெரியாது. ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை.

அங்கே ஒரு வீடும் கட்டினேன். சூரியன் எங்கே உதிக்கிறது என்று பார்த்துக் கிழக்கே வாசல் வைத்தேன். தென்கிழக்கு மூலையில் அடுப்பு. புயலுக்கும் காட்டுப்பன்றிக்கும் வாஸ்து தெரியாது, ஆனால் எனக்குத் தெரிந்ததை விட முடியவில்லை. கட்டி முடித்து அதைச் சுற்றிச் சுற்றி வந்தேன். நன்றாகத்தான் இருந்தது. நன்றாக இருக்கிறது என்று சொல்லத்தான் ஆளில்லை. படம் எடுத்து மகளுக்கு அனுப்பினேன்.

"சூப்பர்ப்பா. படகு செஞ்சு வெளிய போலாமே?" என்று எழுதினாள்.

"போயி?" என்று பதில் போட்டேன்.

அவள் அந்தப் படத்தைத் தன் அம்மாவுக்கு அனுப்பிவிட்டாள்.

மறுநாள் போனில் என் மனைவி சாப்பாட்டைப் பற்றிக் கேட்கவில்லை.

"வூடு நல்லாருக்குதுங்க. அடுப்புகூட சரியான மூலையிலதான் வெச்சிருக்கீங்க."

"ம்."

"அங்க யாருங்க ஆக்கறது?"

"நாந்தான்."

"தண்ணி?"

"அதுவும் நாந்தான். தீவுக்கு அந்தப் பக்கம் போயி கொண்டாரணும்."

"நம்ம தெருக்குழாயில என்னைக்குத் தண்ணி வரும்னு தெரியுமாங்க?" என்றாள்.

கோபமாகக் கேட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். சாதாரணமாகக் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. அவள் போனதிலிருந்து கேன் தண்ணீர்தான். ஊரில் பாதி மோட்டார் என் கையால் ஓடுகிறது, என் வீட்டில் ஒரு குடம் நான் தூக்கியதில்லை. வெட்கமாக இருந்தது.

பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கேட்டேன். சிரித்துவிட்டாள். "செவ்வாயும் வெள்ளியும்ங்கண்ணா, காத்தால ஆறு மணிக்கு. வரிசையில அண்ணி கொடம் மூணாவதா நிக்கும். அந்த எடத்துலயே வெச்சுக்கங்க."

செவ்வாய்க்கிழமை போய் நின்றேன். பெண்கள் பேச்சை நிறுத்திக்கொண்டு வழிவிட்டார்கள். இடுப்பில் வைக்கத் தெரியாமல் குடத்தைத் தோளில் வைத்ததில் சட்டையெல்லாம் ஈரம். தீவில் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். இங்கே ஆறு நடையில் முதுகு பிடித்துக்கொண்டது. வீட்டிலிருந்த குடம், அண்டா எல்லாவற்றையும் நிரப்பினேன். மூன்று மாதத்தில் முதல் தடவையாக நானே அவளுக்குப் போன் செய்தேன்.

"தண்ணி புடிச்சு வெச்சிருக்கேன். எல்லாக் கொடத்துலயும்."

வீட்டுக்கு வந்துவிடு என்பதை இதைவிட வெளிப்படையாகச் சொல்ல எனக்கு வரவில்லை. அவளுக்கு அது புரிந்தது. அந்தப் பக்கம் மாமியார் இருமுவது கேட்டது.

"மூணு நாளுக்கு மேல வெக்காதீங்க, புழு வெச்சிரும்" என்றாள். "கொட்டிட்டுப் புதுசா புடிச்சுக்கங்க."

சரி என்றேன். மூன்று நாளில் அவள் வரப்போவதில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் எல்லாத் தண்ணீரையும் அவளுடைய கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றினேன். காலிக் குடத்தை எடுத்துப்போய் மூன்றாவது இடத்தில் வைத்துவிட்டு, தண்ணீர் வரும்வரை நின்றேன்.