கரைப் பொங்கலுக்கு அழைத்த அஞ்சலையம்மாள்

நேற்றுக் காலை பள்ளிக்கூட மணி அடிக்கும் நேரம். வாசலில் மீன்கூடையை இறக்கி வைத்த ஒரு பெண், "அஞ்சலையக்கா பூட்டாங்க டீச்சரம்மா" என்றாள். அவர் இறந்துவிட்டார் என்பதை நான் நம்பவில்லை. முந்தாநாள்தானே வஞ்சிரத்துக்கு என்னோடு அப்படிச் சண்டை போட்டார்!

காசிமேட்டில் அவரிடம் மீன் வாங்கிய உங்களுக்கு அவருடைய வாயைத் தெரியும். எனக்குத் தெரிந்த இன்னொன்றைச் சொல்கிறேன்.

வெள்ளைக்காரன் போன மறுவருடம் அது. எனக்கு நாற்பத்தேழு வயது, பிள்ளை இல்லை. மாதவிலக்கு நின்றுவிட்டது என்று மருத்துவச்சி சொன்ன அன்றே, இத்தனை காலம் வேண்டிய சாமிகளையெல்லாம் மனசுக்குள் ஏசிவிட்டு, விளக்கேற்றுவதை நிறுத்தினேன். இனி எதற்காக இருக்கிறேன் என்று தோன்றியது.

"இன்னா டீச்சரம்மா, மூஞ்சி தொங்கிகினு கீது?" என்று கேட்டார் அஞ்சலையம்மாள். சொல்லி அழுதேன். அவரோ கண்ணை விரித்து, "அடடே, நின்னுபோச்சா! அப்போ ஆடிக்கு எங்க குப்பத்துக்கு வந்துடு" என்றார்.

அவர்கள் குப்பத்தில் ஆடி மாதம் கடலோரத்தில் அம்மனுக்கு முதல் பொங்கல் வைப்பவர்கள் மாதவிலக்கு நின்ற பெண்கள் மட்டும்தானாம். பிள்ளை பெற்றவளா, தாலி இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. வளைகாப்பு வீடுகளில் பின்னால் நின்றே பழகியவள் நான். இப்படியும் ஒரு வழக்கமா? பார்க்கத்தான் போனேன்.

என் கையிலும் ஒரு பானையைக் கொடுத்துவிட்டார்கள். படித்த மேதாவி, அடுப்பின் வாயைக் கடலைப் பார்க்க வைத்தேன். காற்றில் மூன்று முறை அணைந்தது. ஒரே சிரிப்பு. அஞ்சலையம்மாள் வந்து காற்றுக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்தார். "ஊதும்மா. நான் பெருத்ததே இதுக்குத்தான்."

பொங்கியது. எனக்கும் அழுகை பொங்கியது, ஏனென்று இன்றும் தெரியவில்லை.

"அம்மன் நிஜமாவே இருக்காளா?" என்று கேட்டேன்.

"எனக்கு இன்னா தெரியும்? கீறாளான்னு பாக்கத்தான் வருசா வருசம் வர்றேன்."

பக்தியை இப்படி ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை. அன்று வீட்டுக்குப் போய் விளக்கேற்றினேன்.

நேற்று அவர் வீட்டில், நரைத்த தலையோடு அவருடைய மருமகள் என்னைத் தனியே அழைத்துப் போனாள். "எனக்கும் நாலு மாசமா நின்னுபோச்சு டீச்சரம்மா. பயமா கீது. அத்தையாண்ட கேக்கலாம்னு இருந்தேன். இனிமே யாராண்ட கேப்பேன்?"

"என்கிட்ட கேளு" என்றேன்.

இப்படிச் சொல்லும் தைரியம் எனக்கு முன்பு இருந்ததில்லை. அஞ்சலையம்மாளிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதைத்தான்.